விண்டோஸை மீண்டும் நிறுவும் முன் கோப்புகளை நகலெடுத்தல்: அறிகுறி வாரியாகத் தடைகளும் தீர்வுகளும்

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின், பழைய மடிக்கணினியைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் நிறுவித் தரும்படி என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். நிறுவுவது பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். அதற்கு முன் அவர்களுடைய படங்களையும் கணக்குகளையும் எழுத்துகளையும் பத்திரமாக வெளியே எடுப்பதில்தான் நாள் முழுவதும் கழிகிறது, அதிலும் ஒரே வகையான தடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்து, செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு பிடிப்பதைக் கடைசியிலும் வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. எடுத்த நகலை வேறொரு கணினியில் செருகி, அங்கே கோப்புகளைத் திறந்து பார்க்கும்வரை மூல வன்தட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ‘சி’யை மட்டும்தானே அழிக்கிறோம், எல்லாம் ‘டி’யில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் போதாது. ‘சி’யும் ‘டி’யும் பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒரே வன்தட்டின் இரு பகுதிகள்தான். நிறுவல் திரையில் எழுத்துகளுக்குப் பதிலாகப் பகுதி எண்கள் மட்டுமே தெரியும் என்பதால், தவறான வரியைத் தேர்ந்தெடுத்து ‘டி’யை அழித்துவிட்டு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

## வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒலி வருகிறது, அல்லது ஒரு கோப்புறை திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது

இந்த அறிகுறி இருந்தால் கீழே உள்ள வேறெதையும் முயலக் கூடாது என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

ஒலி இல்லை, தாமதம் மட்டும்தான் என்றால், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வன்தட்டின் நிலையைப் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்றிருந்தால் தாமதத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும், வேகம் பற்றிய பகுதிக்குச் செல்லலாம். மஞ்சளில் ‘காஷன்’ என்றிருந்தால், ‘ரீஅலகேட்டட் செக்டர்ஸ்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ ஆகிய இரு வரிகளின் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு, மீண்டும் பெற முடியாதவற்றை முதலில் நகலெடுங்கள். குடும்பப் படங்கள், கையால் தட்டச்சு செய்தவை, கணக்குகள் ஆகியவை முன்னே போக வேண்டும். திரைப்படங்களும் மென்பொருள்களும் கடைசியில் போனால் போதும். ஒரு கோப்பில் நகல் தொங்கி நின்றால் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். அரை மணி கழித்து அந்த இரு எண்களும் கூடியிருந்தால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். லினக்ஸ் பழகியவர்கள் டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்தலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான பகுதிகளுக்குப் பிறகே திரும்பி வரும். ‘செக் டிஸ்க்’ பழுதுநீக்கத்தை மட்டும் இந்த நிலையில் ஓட்டவே கூடாது. அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் கருவியே தவிர உங்கள் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அல்ல. நொந்துபோன வன்தட்டை அது முழுவதுமாகப் படிக்க வைக்கும்.

ஒலி வருகிறது என்றால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் படிப்பு முனை பழுதடைந்திருக்கக்கூடும், அந்த நிலையில் ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுப்பதும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற கேள்விப்பட்ட வைத்தியங்கள் இருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும். இது தூய்மை அறை வசதியுள்ள தரவு மீட்பு நிலையத்துக்குரிய வேலை. அத்தகைய நிலையங்கள் பெருநகரங்களில்தான் உள்ளன, செலவும் ஆயிரங்களில் வரும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் ஒலி எழாது. அது, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் காணாமல் போனாலோ, பெயரும் கொள்ளளவும் தவறாகக் காட்டினாலோ, அதையும் நேராக அங்கேயே கொண்டுசெல்ல வேண்டும்.

## நகல் முடிந்துவிட்டது, ஆனால் அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருக்கிறது

என்னிடம் வரும் சிக்கல்களில் மிகுதியானதும், பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் ஏமாற்றுவதும் இதுதான்.

முதலில் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவைச் சந்தேகியுங்கள். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகளை ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் கோப்புகளில் பல கணினியில் இல்லாமல் இணையத்தில் மட்டுமே இருக்கும். கோப்பின் அருகில் மேகக் குறி இருந்தால் அது வெறும் பெயர்ப்பலகைதான். ஐயம் தீர, கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். ‘சைஸ்’ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ சுழியாக இருந்தால் கோப்பு உங்கள் கணினியில் இல்லை. அந்தக் கோப்புறைகளை வலச்சொடுக்கி, ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் குறிகளும் பச்சை நிறத்துக்கு மாறியபின் நகலெடுக்க வேண்டும். வன்தட்டில் இடம் இல்லையென்றால் வேறு கணினியில் அதே கணக்கில் உள்நுழைந்து பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த காரணம் வேறொரு பயனர் கணக்கு. ‘யூசர்ஸ்’ கோப்புறையைத் திறந்து அங்கே எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணுங்கள். பிள்ளைகள் தனிக் கணக்கு வைத்திருக்கலாம். உங்கள் சொந்தக் கணக்கே பழுதடைந்து, விண்டோஸ் உங்களைத் தற்காலிகக் கணக்கில் உள்ளே விட்டிருக்கவும் கூடும். அப்போது டெஸ்க்டாப் வெறுமையாகத் தோன்றும், ஆனால் பழைய பெயரிலுள்ள கோப்புறையில் எல்லாம் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, மென்பொருள்கள் தங்கள் தரவை வைத்திருக்கும் மூலைகள். அவுட்லுக்கின் அஞ்சல்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி கோப்பு டாகுமென்ட்ஸுக்குள்ளோ ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள்ளோ இருக்கும். கடைக்காரர்களும் கணக்காளர்களும் டாலியின் தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை அந்த மென்பொருளுக்குள்ளேயே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அது பெரும்பாலும் பயனரின் சொந்தக் கோப்புறைக்கு வெளியே இருக்கும். வன்தட்டை அழிப்பதற்கு முன்பே டாலியின் உரிமத்தை ‘சரண்டர்’ செய்துவிடுவது, அதாவது திருப்பி ஒப்படைத்துவிடுவது, பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும். குரோமில் சேமித்த கடவுச்சொற்களுக்கு, அதன் கோப்புறையை நகலெடுப்பது உதவாது. அவை பழைய விண்டோஸ் கணக்குடன் பிணைத்துப் பூட்டப்பட்டவை, புதிய நிறுவலில் திறக்கா. கூகுள் கணக்குடன் ஒத்திசைத்துக்கொள்ளுங்கள், அல்லது அமைப்புகளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய கணினியில் ஏற்றியவுடன் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அதில் கடவுச்சொற்கள் எவரும் படிக்கக்கூடிய வடிவில் இருக்கும்.

## நகல் பாதியில் நின்று பிழைச்செய்தி காட்டுகிறது

### ‘கோப்பு மிகப் பெரியது’ என்கிறது

பென்டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் இந்தச் செய்தி வந்தால், அது ஃபேட்32 வடிவில் இருக்கிறது என்று பொருள். அந்த வடிவம் ஒரு தனிக் கோப்பை 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. திருமண வீடியோக்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகின்றன. பென்டிரைவில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் அதை ஃபார்மட் செய்தால் தீர்ந்துவிடும்.

### ‘பாதை மிக நீளம்’ என்கிறது

விண்டோஸின் கோப்புச் சாளரம் கோப்பின் முழுப் பாதையையும் ஏறத்தாழ 260 எழுத்துகளுக்குள் எதிர்பார்க்கிறது. கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தையே பெயராகச் சூட்டுபவர்களுக்கு இது வரும். மேலே உள்ள கோப்புறைகளின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கினால் போதும். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற நகல் கட்டளை நீண்ட பாதைகளைத் தானாகவே கையாளும், ஆனால் அதைப் பயன்படுத்தும்போது மறுமுயற்சி எண்ணிக்கையையும் காத்திருப்பு நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் அது படிக்க முடியாத ஒரு கோப்பை 30 நொடிக்கு ஒருமுறையாகப் பத்து லட்சம் முறை முயலும்.

### ‘அனுமதி இல்லை’ என்கிறது

பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகியவர்களுக்கு இது வருவது இயல்பு. நிர்வாகி கணக்கில் நின்று, கோப்புறையின் பாதுகாப்புப் பண்புகளில் உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றினால் திறந்துவிடும். மாற்றியபின்னும் திறக்கவில்லை, கோப்பின் படத்தில் சிறு பூட்டுக் குறி இருக்கிறது என்றால், அது விண்டோஸ் புரோ பதிப்பின் இஎஃப்எஸ் முறையில் மறையாக்கப்பட்டது. அதைப் பூட்டிய அதே பயனர் கணக்கில் நுழைந்து மறையாக்கத்தை நீக்கியபின்னரே எடுக்க வேண்டும். அந்தக் கணக்கும் அதன் சான்றிதழும் அழிந்துவிட்டால் வல்லுநராலும் திறக்க முடியாது. ஆகவே பூட்டுக் குறியைக் கண்டால் நிறுவல் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

### ‘சைக்ளிக் ரிடண்டன்சி’ என்ற சொற்கள் வருகின்றன

தட்டின் அந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்பதே இதன் பொருள். முதல் அறிகுறிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

## நகல் ஊர்ந்து செல்கிறது

பென்டிரைவைச் செருகிய துளையைப் பாருங்கள். யுஎஸ்பி 2 துளையில் நடைமுறை வேகம் நொடிக்கு 30 முதல் 40 எம்பிதான், 200 ஜிபிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், வேகம் கூடிய யுஎஸ்பி 3 துளைக்கு மாற்றிப் பாருங்கள். மலிவான பென்டிரைவ்கள் எழுதும்போது நொடிக்கு 10 எம்பியைத் தாண்டுவதே அரிது, அங்கே துளையை மாற்றிப் பயனில்லை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவது விரைவு.

## நகலெடுத்த பென்டிரைவ் வெறுமையாகக் காட்டுகிறது

கோப்புகளுக்குப் பதிலாகக் குறுக்குவழிகள் மட்டும் தெரிந்தால், பென்டிரைவ்களில் பரவும் ஷார்ட்கட் வைரஸ் கோப்புகளை மறைத்திருக்கிறது. அந்தக் குறுக்குவழிகளைச் சொடுக்காதீர்கள். கோப்புச் சாளரத்தில் மறைந்த கோப்புகளையும் கணினிக்குரிய பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி அமைத்தால், பெரும்பாலும் பெயரில்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் இருக்கும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இஎக்ஸ்இ போன்ற இயங்கு கோப்புகளை விட்டுவிடுங்கள்.

மற்றொரு காரணம் மனத்தை வருத்துவது. நகலை வைத்த அதே பென்டிரைவிலேயே விண்டோஸ் நிறுவல் ஊடகத்தையும் உருவாக்கியிருப்பார்கள். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் அந்தப் பென்டிரைவில் இருக்கும் அனைத்தையும் அழித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குகிறது. மூல வன்தட்டு இன்னும் தொடப்படவில்லை என்றால் மீண்டும் நகலெடுத்தால் போதும். நிறுவலுக்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தனியாக வையுங்கள். நகல் உள்ள வட்டை, நிறுவல் தொடங்கும்முன் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

## நகலில் கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை அல்லது எழுத்துகள் சிதைந்து தெரிகின்றன

படங்களும் வீடியோக்களும் திறக்கவில்லை என்றால் பென்டிரைவையே சந்தேகியுங்கள். உள்ளே 16 ஜிபி நினைவகத்தை வைத்துவிட்டு 512 ஜிபி என்று காட்டும்படி செய்த போலிகள் சந்தையில் உண்டு. அவை எழுதும்போது எந்தப் பிழையும் காட்டா. கொள்ளளவு நிரம்பியபின் வருபவை சத்தமில்லாமல் தொலைந்துபோகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கிய எந்தப் பென்டிரைவையும் அந்தச் சோதனை முடிந்தபின்னரே நான் நகலுக்குப் பயன்படுத்துகிறேன்.

தமிழ் ஆவணங்களில் மட்டும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து ஒன்றும் புரியாமல் தெரிந்தால், கோப்பு கெடவில்லை. எழுத்துருதான் நகலோடு வரவில்லை. பாமினி, வானவில் அவ்வையார், டேம், டேப், திஸ்கி வகை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தமிழ் அல்ல. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருக்கும். மற்றவையும் தத்தமக்குரிய குறியீட்டு இடங்களைக் கொண்டவை. டேமும் டேபும் 1999-இல் தமிழ்நாட்டரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டவை. 2010-இல்தான் அரசு யூனிகோடுக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் வீடுகளிலும் எழுதிக் குவித்தவை இந்த எழுத்துருக்களில்தான் இருக்கின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் ஊரின் நாட்டுப்புறப் பாடல்களைப் பல ஆண்டுகள் சேகரித்துப் பாமினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வேறெங்கோ கணினியைத் துடைத்தபின், ஆவணங்களைத் திறந்தவர் எல்லாம் அழிந்துவிட்டதாக எண்ணி என்னிடம் வந்தபோது அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. எழுத்துருவை நிறுவியதும் பாடல்கள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. ஆனால், பாமினியைப் போல எளிதில் கிடைக்காத ஏதோ ஓர் அச்சகத்தின் சொந்த எழுத்துருவில் அவர் எழுதியிருந்தால் என்ன செய்திருப்போம் என்பதை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே நகலெடுக்கும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ முழுவதையும் சேர்த்து எடுங்கள். விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலிருந்து, பயனர் தனக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வரிசையில் தனியே இருக்கும். அதையும் விடக் கூடாது. எந்த ஆவணம் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை வேர்டில் திறந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். நேரம் இருந்தால், துடைப்பதற்கு முன்பே முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக ஒரு படி சேமியுங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். எழுத்துருவின் பெயரே தெரியவில்லை, கோப்பும் கிடைக்கவில்லை என்றால், பழைய டிடிபி மையம் நடத்தியவர்களைத் தேடுங்கள்.

## விண்டோஸ் எழவே இல்லை

எழாத விண்டோஸ் என்பது பழுதடைந்த வன்தட்டு என்று பொருளாகாது. தொடக்கம் தொடர்ந்து தோற்றால் மீட்புத் திரை தானாக வரும். வரவில்லை என்றால், வேறு கணினியில் உருவாக்கிய நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கி, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கருப்புச் சாளரத்தில் நோட்பேட் என்று தட்டச்சு செய்து, அதன் ‘ஓப்பன்’ பெட்டியில் எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், அந்தப் பெட்டியே ஒரு கோப்புச் சாளரம்போல் வேலை செய்யும். கோப்புறையை வலச்சொடுக்கி நகலெடுத்து வெளிப்புற வன்தட்டில் ஒட்டலாம். எவ்வளவு முடிந்தது என்ற காட்டி அங்கே தோன்றாது, பெட்டி உறைந்ததுபோல் நிற்கும். அணைத்துவிடாமல் காத்திருங்கள். வழக்கமான ‘சி’ அங்கே வேறு எழுத்தில் இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறையக் கோப்புகள் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து நிறுவாமல் இயக்குவதே வசதி. விண்டோஸ் சரியாக மூடப்படாததால் வன்தட்டு படிப்பதற்கு மட்டுமே திறக்கக்கூடும். நமக்கு வேண்டியதும் அவ்வளவே. அதுவும் கைகூடவில்லை என்றால் வன்தட்டைக் கழற்றி யுஎஸ்பி இணைப்பான் வழியே வேறு கணினியில் செருகுங்கள். மடிக்கணினியைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் சர்வீஸ் கடைக்குப் போகலாம். போகும்போது ‘கோப்புகள் வேண்டும், ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று எழுதிய தாளை மடிக்கணினியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். கணினியை வாங்கிவைப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்பதால், வாயால் சொன்னது பட்டறைவரை போய்ச் சேராமல் போவதுண்டு.

## 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

இது பிட்லாக்கர், வன்தட்டு முழுவதையும் மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் வசதி. தாம் எதையும் பூட்டவில்லையே என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த பல மடிக்கணினிகளில் இது தானாகவே இயங்கிவிடுகிறது. பயாஸ் அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ எண்ணைக் கேட்கும். வேறு சாதனத்தில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் மீட்பு எண்ணைத் தேடுங்கள். திரையில் தெரியும் அடையாளத்தின் முதல் 8 எழுத்துகள் பொருந்துவதே உங்களுடையது. குடும்பத்தில் யார் முதலில் உள்நுழைந்தாரோ அவருடைய கணக்கிலும் பார்க்க வேண்டும். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணினி என்றால் அங்குள்ள கணினிப் பிரிவிடம் கேளுங்கள். எண் எங்குமே கிடைக்கவில்லை என்றால் எந்த நிலையமும் திறக்க முடியாது. திறந்து தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

## நிறுவி முடித்தபின் ஒரு கோப்பைக் காணவில்லை

பகுதியை அழிக்காமல் அதன் மேலேயே நிறுவியிருந்தால், ‘சி’யில் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறை இருக்கும்; அதற்குள் ‘யூசர்ஸ்’ அப்படியே இருக்கும். மேம்படுத்தலுக்குப் பின் விண்டோஸ் இதைப் பத்து நாளில் தானாக அழித்துவிடும் என்பதால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அழித்துவிட்டு நிறுவியிருந்தால் கணினியை அந்த நொடியே அணையுங்கள். புதிய விண்டோஸ் புதுப்பிப்புகளை இறக்கும் ஒவ்வொரு நிமிடமும் பழைய கோப்புகளின் இடத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். சுழலும் வன்தட்டு என்றால், அதைக் கழற்றி வேறு கணினியில் செருகி, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவி, மீட்பதையும் அந்தக் கணினியிலேயே சேமிக்கலாம். பெயர்கள் தொலைந்தாலும் படங்கள் பல கிடைக்கும். எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தை டிரிம் கட்டளை உடனே வெறுமையாக்கிவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் இழக்கவே முடியாத கோப்பு என்றால் தரவு மீட்பு நிலையத்துக்குச் செல்லுங்கள். எப்போது அழித்தீர்கள், அதன்பின் கணினி எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த மென்பொருளை முயன்றீர்கள் என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். எதை மீட்க முடியும், எவ்வளவு ஆகும் என்று அவர்கள் எழுத்தில் தந்தபின் முடிவு செய்யலாம்.